காரைக்காலுக்கு பீர் கொண்டுபோன கதை

1

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு இரண்டாவது திதி வந்தது. அன்றைக்கு வேலைக்கு வர முடியாது என்று பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் எங்கள் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கணினியில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "மதாம், போன வருடம் இதே காரணத்துக்கு வேறு தேதியில் அல்லவா விடுப்பு எடுத்தீர்கள்? உங்கள் கணவர் இறந்தது ஒரு நாளில்தானே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

என் பிரெஞ்சு சமையல்கட்டு பிரெஞ்சு. தட்டு, கரண்டி, கேரட், பிள்ளைகளை அதட்டுவது, இவற்றுக்குத்தான் போதும். மாசி மாதம், தேய்பிறை, துவாதசி என்பதையெல்லாம் அதில் எப்படிச் சொல்வது? "நிலாவைப் பார்க்க வேண்டும். நிலா சொல்கிற நாள்தான் நாள்" என்றேன். அவள் கணினியில் அதற்கு எந்தக் கட்டம் என்று தேடினாள். பிறகு "குடும்பக் காரணம்" என்று தட்டிவிட்டு, "எனக்கும் நிலாவைப் பார்த்து விடுப்பு எடுக்க ஆசைதான்" என்றாள்.

என் பெயர் மங்கையர்க்கரசி. அம்பகரத்தூர்ப் பெண், காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டவள். பாரிஸுக்கு வடக்கே ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறேன். இங்கே விண்ணப்பங்களில் பெயருக்கென்று விட்டிருக்கும் கட்டங்கள் என் பெயருக்கு ஒருநாளும் போதாது. மருத்துவ அட்டையில் பாதியிலேயே நிற்கிறேன். குடும்பப் பெயர் எழுதுகிற இடத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டதால், அஞ்சல்காரரிலிருந்து பல் மருத்துவர்வரை எல்லோருக்கும் நான் மதாம் வைத்திலிங்கம். அம்பகரத்தூரில் யாரும் என் அப்பாவை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

திதியன்று மாலை வீட்டில் இலைக்குப் பதில் தட்டு வைத்து, விளக்கேற்றிப் படைத்தேன். படைக்கும்போது போன வருடத்துப் படையல் நினைவு வந்துவிட்டது. அதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

2

அவர் பெயர் கலியபெருமாள். பிரான்சில் வந்து இறங்கியதிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை ஒரே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். படுக்கை விரிப்புகளை வெளுத்து, காயவைத்து, மடித்து, அடுக்கி அனுப்புகிற வேலை. வீட்டிலும் துணியை நான் மடித்தால் பிடிக்காது. பிரித்து மறுபடி மடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே ஒரு பீர். அதற்கு மேல் கிடையாது. அதையும் பால்கனியில் நின்றுதான் குடிப்பார். வீட்டுக்குள் குடிக்கக் கூடாது என்பது கல்யாணமான புதிதில் நான் போட்ட சட்டம். அம்பகரத்தூரில் எங்கள் தெருமுனையில் சாராயக்கடை இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தே வளர்ந்தவள் நான். பனி கொட்டுகிற நாளிலும் குல்லாய் போட்டுக்கொண்டு பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்று குடிப்பார். எதிர் மாடியில் இருக்கிற போர்த்துகீசியக் கிழவர் கையை உயர்த்தி வணக்கம் சொல்வார். இவரும் பாட்டிலை உயர்த்துவார்.

குடித்து முடித்துவிட்டு உள்ளே வந்ததும் ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சு.

"இங்க விக்கிறதெல்லாம் நல்ல பீர்தான் மங்கை. இல்லேங்கல. ஆனா நம்ம ஊர்ல குடிச்ச மாதிரி இல்ல."

"அதுக்கு நம்ம ஊருக்குத்தான் போவணும்."

"போவத்தானே போறோம்."

ஓய்வு பெற்றதும் காரைக்காலுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தோம். அவருடைய தங்கை செல்வி இருக்கிற பழைய வீட்டு மாடியில் எங்களுக்கென்று இரண்டு அறை கட்டியும் ஆகிவிட்டது. கடலிலிருந்து ஓதக்காற்று வருகிற பக்கமாக ஜன்னல் வைக்கச் சொல்லி இங்கிருந்து தொலைபேசியிலேயே கொத்தனாரிடம் சண்டை போட்டார்.

ஊர் பீரைப் பற்றி அவர் புலம்புவது சலவைப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும்போலிருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிலேயே லாகர் பீர் போடுவதற்கான சாமான்கள். மூடியோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி, அடியில் ஒரு குழாய், வெல்லப்பாகு போலக் கெட்டியாக ஏதோ அடைத்த தகர டப்பா, ஒரு பொட்டலம் ஈஸ்ட், பாட்டிலுக்கு மூடி அழுத்துகிற கருவி.

"பீர் கடையில வாங்குறதுங்க. வீட்டுல போட அது என்ன ஊறுகாயா?" என்றேன்.

"லாகருன்னா குளிர்ல மெதுவா புளிக்கிறது. நம்ம ஊர்ல பாட்டில்ல வந்ததெல்லாம் லாகர்தானாம். தேனு படிச்சுச் சொன்னா" என்றார்.

தேனு என்பது எங்கள் மகள் தேன்மொழி. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாமல் 'தெனோ' ஆகிவிட்டாள். லியோனில் வேலை. மத்தியூ என்ற பையனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தால் இருவரும் சிரிக்கிறார்கள். அவளுடைய தமிழ் சின்னது, என் பிரெஞ்சு சின்னது. அதனால் தொலைபேசியில் "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்" என்பதோடு எங்கள் பேச்சு தீர்ந்துவிடும். அவளுக்கு அப்பாதான். பெட்டியில் இருந்த விளக்கத்தாளைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பி, அவள் சொல்லச் சொல்ல இவர் எல்லாம் செய்தார்.

தகர டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, சர்க்கரையோடு வாளியில் ஊற்றி, தண்ணீர் நிரப்பி, ஆறிய பிறகு ஈஸ்டைத் தூவினார். அன்றைக்கு மட்டும் வீடு முழுக்க வறுத்த தானிய மணம். எங்கள் அடுக்குமாடிக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறிய நிலவறை உண்டு. இங்கே 'காவ்' என்பார்கள். எப்போதும் சில்லென்று இருக்கும். வாளியைப் போர்த்துகீசியக் கிழவரோடு சேர்ந்து மின்தூக்கியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் வைத்தார். தினமும் காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது கீழே இறங்கி ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போவார்.

"என்ன பண்ணுது?" என்று கேட்பேன்.

"பேசிட்டிருக்கு" என்பார்.

3

ரொட்டிக் கடை வாசலில்தான் விழுந்தார். மாரடைப்பு. ரொட்டியைக் கையிலிருந்து விடவில்லை என்று கடைக்காரப் பெண் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்பதல்ல. நினைவில் இருப்பதெல்லாம் கதவு மணிச் சத்தமும் தேநீர்க் கோப்பைகளும்தான். தேனு முதல் ரயிலில் வந்து சேர்ந்தாள். மத்தியூவும் வந்தான். சோறு வடிக்கத் தெரியாமல் வடித்து, குழைந்துபோனதை எனக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தான்.

ஈமக்காரியங்களை நடத்திக் கொடுக்கிற ஒரு கடைக்கு என்னையும் தேனுவையும் வரச் சொன்னார்கள். கறுப்புக் கோட்டு போட்ட இளைஞன், மெதுவாகப் பேசுகிறவன். எந்த மரம், எந்தத் துணி, என்ன பூ என்று கேட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டான். அதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் 'பியேர்'. பியேர் என்றால் பீர். இத்தனை வருடத்தில் அது தெரியாமல் இருக்குமா? மற்றதெல்லாம் சேர்த்து, பீரில் போடுவது எத்தனை மணிக்கு என்று கேட்கிறான் எனப் புரிந்துகொண்டேன். ஆள் இறந்துவிட்டால் அவர் போட்டுவைத்த பீரையும் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டுமோ, இந்த ஊரில் எதற்கும் ஒரு தாள் உண்டே என்று நினைத்தேன்.

"இன்னும் ஆகவில்லை. வாளியில்தான் இருக்கிறது. கீழே, காவில்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

அந்தப் பையன் முகம் வெளுத்துவிட்டது. பேனாவை மேசைமேல் வைத்தான். தேனு என் கையைப் பிடித்தாள். பிறகு அவள் விளக்கினாள். சவப்பெட்டிக்கும் பழைய பிரெஞ்சில் அதே சொல்தானாம். உடலைப் பெட்டியில் வைத்து மூடும் நேரத்தைத்தான் அவன் கேட்டிருக்கிறான். சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு அவள் அழுதது அப்போதுதான்.

வீட்டுக்குத் திரும்பியதும் இரண்டு பேரும் நேராகக் கீழே இறங்கினோம். அதுவரை அந்த வாளி நினைவே எங்களுக்கு இல்லை. காவைத் திறந்து விளக்கைப் போட்டோம். வாளி மூடியில் சொருகிய வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். உள்ளே புளிக்கும்போது காற்று அதன் வழியாகக் குமிழியாக வெளியே வரும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு குமிழி வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

4

நான் கொட்டிவிடத்தான் நினைத்தேன். தீட்டு வீட்டில் வாளி நிறைய பீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை வேறு. பக்கத்துக் காவுக்காரர் ஒருவர் மின்தூக்கியில் பார்த்தபோது மூக்கைச் சுளித்தார். துக்க வீடு என்பதால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போகக் கிளம்பியவளைத் தேனு வாசலில் மறித்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டினாள்.

"அம்மா, கொட்டாத. அது பப்பா கை."

கைப்பக்குவம் என்று சொல்ல வந்தாளோ, கை வைத்தது என்று சொல்ல வந்தாளோ. குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஊருக்குப் பேசினேன். செல்வி திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவளோ, "அண்ணன் ஆசைப்பட்டு செஞ்சது அண்ணி. அத ஏன் கொட்றீங்க? வருசத் திதிக்கி இங்க கொண்டாங்க. அண்ணனுக்கு வைக்கலாம்" என்றாள். எங்கள் பக்கத்துப் படையலில் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் இடம்பெறும். பீடி குடித்தவருக்குப் பீடி, வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை. அவர்கள் அப்பாவுக்கு அமாவாசைதோறும் கால் பாட்டில் பிராந்தி வைப்பார்கள் என்பது கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

வாடை தானாகப் போய்விடும், லாகர் என்றால் அப்படித்தான் என்று தேனு கண்டுபிடித்தாள். குமிழி வருவது அடங்கும்வரை பொறுத்தோம். அதற்காகவே அவள் விடுப்பை நீட்டினாள். கண்ணாடி மிதவை ஒன்றை பீரில் விட்டு அளவு பார்ப்பாள். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால்தான் புளிப்பு முடிந்ததாக அர்த்தம். அதற்கு முன் பாட்டிலில் அடைத்தால் வெடித்துவிடுமாம். அவர் ஏற்கெனவே சேர்த்துவைத்திருந்த பழுப்பு பாட்டில்களை நான் வெந்நீரில் அலசினேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சர்க்கரை போட்டு நிரப்பிக் கொடுத்தாள். மூடியை வைத்துக் கருவியால் அழுத்துவது என் வேலை. கெட்டியாக அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் இரண்டு மூன்று கோணலாகப் போயிற்று. பிறகு கை பழகிவிட்டது.

"மா, நீ நல்லா பண்றே" என்றாள்.

"ஊறுகா ஜாடிக்குத் துணி கட்றதவிட இது சுலபம்டி" என்றேன். ஊறுகாய் எப்படிப் போடுவது என்று கேட்டாள். சொன்னேன். பாட்டில் முடிவதற்குள் சுண்டைக்காய் வற்றல்வரை போய்விட்டோம். அவளோடு அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு அதுவே முதல் தடவை.

5

அந்த வருடம் முழுவதும் தினமும் சாயங்காலம் தேனு கூப்பிட்டாள். முதலில் பாட்டில்களைப் பற்றித்தான் பேசுவோம். கீழே போய்ப் பார்த்தேனா, ஏதாவது கசிகிறதா, அடியில் வண்டல் படிந்துவிட்டதா. பிறகு மற்றது. மத்தியூவின் அம்மாவுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதைக்கூடச் சொன்னாள். எனக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியாவிட்டால் தமிழில் சொல்வேன். அவளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிரெஞ்சில் சொல்வாள்.

கோடையில் சலவைப் பிரிவு ஆட்கள் சிலர் வந்தார்கள். சில பாட்டில்களை அவர்களுக்குக் கொடுத்தேன். மிகவும் நன்றாக இருக்கிறது என்றார்கள். விதவை கொண்டுவந்து கொடுக்கிற பீரை யார்தான் நன்றாக இல்லை என்பார்கள்? தேனு மட்டும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. "ஊர்ல குடிக்கிறேன்" என்றாள். போர்த்துகீசியக் கிழவர் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்த் தன் பால்கனியில் நின்று குடித்ததைச் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சாம்பலை வீட்டில் வைத்துக்கொள்ள இங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. எரித்த இடத்திலேயே ஒரு வருடம்வரை பாதுகாத்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும். அதற்காக ஏறிய படிகளைச் சொன்னால் ஊரில் நம்பமாட்டீர்கள். காரைக்காலில் எழுதிய அவருடைய பிறப்புப் பதிவில் பெயர் பிரெஞ்சு முறைப்படி 'சி'யில் தொடங்குகிறது. என் கடவுச்சீட்டில் கணவர் பெயர் ஆங்கில முறைப்படி 'கே'யில் தொடங்குகிறது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். ஒரே ஆள்தான் என்றேன். நிரூபிக்கச் சொன்னார்கள். இத்தனை வருடம் ஒருவரோடு வாழ்ந்ததை எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பது? தேனுதான் மூன்று தடவை லியோனிலிருந்து ரயிலேறி வந்து, சண்டை போட்டு, முத்திரை வாங்கினாள். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து, "பப்பா பேரு நான் இனிமே தூக்கத்துலயும் எழுதுவேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் விடுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் ஊரிலேயே தங்கிவிடுகிற எண்ணத்தோடுதான் கிளம்பினேன். செல்வி மாடி அறைகளுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தாள். தேனுவிடம் சொன்னபோது அவள் தலையசைத்தாள். பெட்டியில் என் சேலைகளுக்கு நடுவே மூன்று பாட்டில்களைச் சுற்றி வைத்தது அவள்தான்.

6

திருச்சியில் இறங்கி, கும்பகோணம் வழியாக வாடகைக் காரில் வந்தோம். வெயில் கொளுத்தியது. பேரளம் தாண்டியதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்தது அம்பகரத்தூர். புதுச்சேரி எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் போட்டுப் போலீஸார் நின்றிருந்தார்கள். தேர்தல் நேரம். போகிற வருகிற வண்டி எல்லாவற்றையும் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

இளம் போலீஸ்காரர் ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சேலையைப் பிரித்ததும் லேபிள் இல்லாத பழுப்பு பாட்டில்கள் மூன்று வெளியே வந்தன.

"என்னம்மா இது?"

"பீருங்க."

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"பிரான்சுலேர்ந்துங்க."

"எங்க போறீங்க?"

"காரைக்காலுக்கு."

அவர் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த பெரியவரைக் கூப்பிட்டார். "சார், கொஞ்சம் வாங்க. காரைக்காலுக்கு பீரு கொண்டு போறாங்களாம்." எங்கள் ஓட்டுநர் ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து சிரித்தார். சரக்கு மலிவான காரைக்காலிலிருந்து பாட்டில் வெளியே போகாமல் தடுப்பதற்கென்றே வருடம் முழுவதும் சோதனை நடக்கிற இடம் அது. உள்ளே கொண்டுவருகிறவர்களை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெரியவர் வந்து பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். அடியில் வண்டல் அசைந்தது.

"லேபிள் இல்லியே. கடையில வாங்குனதா?"

"இல்லீங்க. வீட்டுல போட்டது."

"வீட்டுல காய்ச்சுனதா?"

"ஆமாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது உறைத்தது. பெரியவர் முகம் மாறிவிட்டது. ஓட்டுநரின் சிரிப்பும் நின்றது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். கைப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தேன்.

தேனுதான் சொன்னாள். "அது எங்க அப்பா."

அவருக்குப் புரியவில்லை. நான் பையைத் திறந்து, முத்திரையிட்ட கலசத்தைக் காட்டினேன். "எங்க வீட்டுக்காரருங்க. ஆத்துல கரைக்கக் கொண்டு போறோம். அந்த பீரு அவரு கையால போட்டது. முடிக்கிறதுக்குள்ள போயிட்டாரு. படையலுக்கு வைக்கத்தாங்க எடுத்துட்டு வந்தோம்."

தேனு பிரெஞ்சு அரசாங்கத்துத் தாள்களை எடுத்து நீட்டினாள். பெரியவர் அவற்றை வாங்கவில்லை. பாட்டிலைத் தானே சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"எங்க அப்பாவுக்கு நாங்க ரம்மு வைப்போம்மா" என்றார் தணிந்த குரலில். "போயிட்டு வாங்க."

7

திதியன்று காலையில் அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் சாம்பலைக் கரைத்தோம். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கரைக்க வேண்டியது மகன். எங்களுக்கு மகன் இல்லை. செல்வியின் கணவர் ராஜாராமன் முன்வந்தார். "நானே போறேன் மாமா" என்று சுடிதாரோடு தேனு இறங்கிவிட்டாள். ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

கரையில் இப்ராகிம் அண்ணன் நின்றிருந்தார். என் வீட்டுக்காரரும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். பெரிய கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அவர்கள் இருவரும் மாலையில் கடற்கரைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கலங்கரை விளக்கத்துக்கு இந்தப் பக்கம், ஏற்றிப் போட்ட படகு ஒன்றின் நிழலில் உட்காருவார்கள். இவர் கையில் பீர், அவர் கையில் வேர்க்கடலைப் பொட்டலம். ஒருநாள் என்னையும் அழைத்துப் போய்க் கொஞ்சம் தள்ளி மணலில் உட்காரவைத்தார்கள். என்ன பேசினார்கள் என்று காற்றில் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. பிரான்சிலிருந்து ஊருக்குப் போன ஒவ்வொரு தடவையும் அது நடக்கும். இப்ராகிம் அண்ணன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. தொழுகைக்கு நேரமானால் எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து உட்காருவார்.

மறுநாள் கவிச்சிப் படையல். விரால் மீன் குழம்பு, ஆட்டுக்கறி, வடை, இட்லி என்று செல்வி தலைவாழை இலை நிறையப் பரப்பியிருந்தாள். நடுவில் லேபிள் இல்லாத ஒரு பாட்டிலும் எவர்சில்வர் தம்ளரும். தேனு மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று சத்தம் வந்தது. தம்ளரில் ஊற்றினாள். வெள்ளையாக நுரை கட்டி மேலே வந்தது. "நல்லா வந்திருக்கு" என்று பிரெஞ்சில் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சூடம் காட்டிக் கும்பிட்டோம்.

படைத்ததை வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட்டாக வேண்டும். மீனும் கறியும் பந்தியில் போயிற்று. பீர் தம்ளர் மட்டும் இலையிலேயே இருந்தது. செல்வி கணவரைப் பார்த்தாள்.

"எனக்கு மஞ்சக்காமாலை வந்ததுலேர்ந்து டாக்டர் கூடாதுன்னுட்டாரு. ஒனக்குத் தெரியாதா?" என்றார் ராஜாராமன்.

"இப்ப யாருதாங்க குடிக்கிறது?" என்றாள் செல்வி.

தெருவுக்கு நாலு கடை இருக்கிற ஊரில், கடல் தாண்டி வந்த ஒரு தம்ளர் பீருக்கு ஆள் இல்லை. இப்ராகிம் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேனு தம்ளரை எடுத்தாள். இன்னொரு தம்ளரில் பாதியை ஊற்றினாள். அதை என்னிடம் நீட்டினாள். அத்தனை பேர் முன்னால், நாத்தனார் வீட்டில், அதை வாங்குவேன் என்று நானே நினைக்கவில்லை. வாங்கினேன். செல்வி சட்டென்று எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தேனு ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் குடித்தேன். காரைக்காலில் அவர் குடித்த பீர் போல இருந்ததா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அரசலாற்றில் போய்விட்டார்.

"மா, நீ எப்ப திரும்பி வருவே?" என்று தேனு அந்த நேரத்தில் கேட்டாள். ஒரு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"ஒன்கூடத்தான் வர்றேன்" என்றேன். அதுவரை எனக்கே தெரியாது. செல்வி என் முழங்கையை அழுத்தினாள். கோபத்திலா, சம்மதத்திலா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடம் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

இப்ராகிம் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"அம்பது வருசம் அவன் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஒருநாளும் அது எப்படிடா இருக்குன்னு கேட்டதில்ல. அவனும் சொன்னதில்ல. இப்பக் கேக்கணும்போல இருக்கு." என் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார். "எப்படிம்மா இருக்கு?"

தம்ளரில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அவருக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக மறுபடி ஒரு வாய் குடித்தேன்.

"கசப்புண்ணே" என்றேன். "வாயெல்லாம் கசக்குது. ஆனா கீழ வைக்க மனசு வரல."